புது சேர்வர் எடுக்குமுன் கோர்களை எண்ணுங்கள்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

காலபோக நெல் வரத் தொடங்கினால் அரிசி ஆலைகளிலும் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களிலும் பில் அடிக்கச் சுணங்குகிறது. உடனே “பெரிய சேர்வர் ஒன்று போட்டுத் தாருங்கள்” என்கிறீர்கள். பெட்டியின் விலையோடு செலவு நிற்காது என்பதைச் சொல்லவே இம்மடல்.

விண்டோஸ் சேர்வருக்கு 2016 பதிப்பிலிருந்து லைசென்ஸ் கணக்கு புரொசெசரின் கோர்களை, அதாவது அதற்குள் தனித்தனியே வேலை செய்யும் பகுதிகளை, வைத்துத்தான். பில் விபரங்களைச் சேமிக்கும் டேட்டாபேஸ் மென்பொருளான எஸ்.கியூ.எல். சேர்வரிலும் 2012 பதிப்பிலிருந்து கோர் முறை உண்டு. 8 கோர் புரொசெசர் ஒன்றுள்ள இயந்திரத்துக்கு விண்டோஸ் 16 கோர் லைசென்ஸ் வேண்டும். ஆகக் குறைந்த அளவே அதுதான். எஸ்.கியூ.எல். சேர்வரின் ஸ்டாண்டர்ட் பதிப்புக்கு 8. அதைக் கழற்றிவிட்டு 16 கோர் புரொசெசர் இரண்டுள்ள இயந்திரத்தை வைத்தால் இரண்டுக்கும் 32, 32. முன்னது இரண்டு மடங்கு, பின்னது நான்கு மடங்கு. பில் நான்கு மடங்கு வேகமாக வராது; ஒரு பில்லைப் பதியும் வேலை பெரும்பாலும் ஒரு கோரில்தான் ஓடும், மிச்ச நேரம் டிஸ்க்குக்காகக் காத்திருக்கும். பெரிய வங்கிகளின் ஐ.பி.எம். மெயின்பிரேம் எனும் பெருங்கணினியில் மாதத்தின் உச்ச நான்கு மணிநேரச் சராசரிப் பாவனைக்குக் கட்டணம் கணிக்கும் முறை உண்டு. உங்கள் சேர்வரில் அப்படியில்லை. அறுவடை இரண்டு மாதத்துக்காக வாங்கிய கோர்கள் மற்றைய பத்து மாதமும் சும்மா கிடந்தாலும் லைசென்ஸ் எடுத்தே ஆகவேண்டும்.

ஆகவே கோர் குறைந்த, கிகாஹேர்ட்ஸ் (வேகம்) கூடிய ஒற்றைப் புரொசெசரையே நாங்கள் சிபாரிசு செய்கிறோம். ரம்மையும் எஸ்.எஸ்.டி.யையும் தாராளமாகக் கூட்டுங்கள். அவற்றுக்காக விண்டோஸ் லைசென்ஸில் ஒரு சதமும் ஏறாது.

எஸ்.கியூ.எல். சேர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஓடுபவர்களுக்குப் புது சேர்வரே தேவைப்படாமல் போகலாம். 2022 எக்ஸ்பிரஸ் 4 கோருக்கு மேல் தொடாது. டேட்டாபேஸ் ஒன்று 10 ஜீ.பி.யைத் தாண்டவும் விடாது. அது நிரம்பினால் புது பில் பதியாது. பழைய வருடங்களின் பில்களை வேறொரு டேட்டாபேஸுக்கு மாற்றுவதுதான் முதல் வைத்தியம்.

பலர் இடறும் இடம், சேர்வரைப் பாவிப்போருக்காகத் தனியே வாங்கும் கிளையன்ட் லைசென்ஸ். விண்டோஸ் சேர்வர் 2019க்கு வாங்கியது 2022 சேர்வருக்குச் செல்லாது. 2022 சேர்வர் லைசென்ஸை வைத்துக்கொண்டு 2019ஐ நிறுவினால் பழைய கிளையன்ட் லைசென்ஸ்கள் செல்லும். அவசரமில்லாதவர்களுக்கு இது நல்ல வழி. இயந்திரத்தோடு வந்த ஓ.ஈ.எம். விண்டோஸ் அந்த இயந்திரத்தோடேயே முடிந்துவிடும், புதியதற்கு மாற்ற முடியாது. இயந்திரத்தோடு பூட்டப்பட்ட கணக்குப் பொதிகளைப் பழைய டிஸ்க்கை அழிக்குமுன் விடுவித்துக்கொள்ளுங்கள்.

டாஸ்க் மனேஜரில் பெர்போமன்ஸ், அதில் சி.பி.யு. பக்கத்தைத் திறந்தால் சொக்கெட், கோர், லொஜிக்கல் புரொசெசர் என மூன்று எண்கள் தெரியும். கோர் எண்ணையே எடுங்கள். லொஜிக்கல் எண் பெரும்பாலும் இரட்டிப்பாக நிற்கும். சேர்வருக்குள் மென்பொருளாக ஓடும் வேர்ச்சுவல் இயந்திரத்துக்குள் பார்த்தால் பிழையான எண் வரும், அடியிலுள்ள சேர்வரிலேயே பாருங்கள்.

அந்தப் பக்கத்தின் படம், லைசென்ஸ் வாங்கிய பற்றுச்சீட்டு, ஒரே நேரத்தில் மட்டுமன்றி மொத்தமாகப் பாவிப்போர் எத்தனை பேர் என்ற விபரம் ஆகிய மூன்றையும் அனுப்பினால், பெட்டிக்கும் லைசென்ஸுக்கும் தனித்தனியே விலை குறித்துத் தருவோம்.

சேர்வர் பராமரிப்புப் பகுதி,
கிளிநொச்சி