நடுவில் வெட்டு

ஹம்,
நவம்பர் 24

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது,

நாங்கள் நலம். அம்மாவின் முழங்கால் முன்னையைவிடப் பரவாயில்லை. இத்துடன் வரும் பொதியில் கிறிஸ்துமஸ் பழப் பாணான ஷ்டொலன் இரண்டு இருக்கின்றன. பத்து நாள்களுக்கு முன் நம் வீட்டு அடுப்பில் சுட்டவை. இன்னும் இரண்டு கிழமைகளாவது துணியில் சுற்றியபடி குளிர்ந்த இடத்தில் கிடந்தால்தான் பழங்களின் ஈரம் மாவுக்குள் இறங்கி ருசி கூடும் என்பது உனக்குத் தெரியும். என்றாலும் சொல்கிறேன், குசினியில் வெப்பமூட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடாதே. வெட்டும்போது நுனியில் தொடங்காமல் நடுவில் வெட்டு. வேண்டிய துண்டுகளை எடுத்தபின் இரண்டு பாதிகளையும் நெருக்கி வைத்தால் வெட்டிய முகம் காயாது.

டிரெஸ்டனில் இருப்பவளுக்கு இங்கிருந்து ஷ்டொலன் அனுப்புவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போல என்று அம்மா சொன்னாள். அந்த ஊரின் பெயரைச் சொல்லி விற்க அங்குள்ள வெதுப்பகங்களுக்கு மட்டுமே உரிமை உண்டு என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் அளவில் நான் குறை வைக்கவில்லை. ஒரு கிலோ மாவுக்கு அரைக் கிலோ வெண்ணெய், 650 கிராம் உலர்ந்த திராட்சை, சீனியில் ஊறிய தோடம்பழ, எலுமிச்சைத் தோல்கள் 200 கிராம், பாதாம் 150 கிராம். மார்ஜரின் தொடவில்லை, அச்சும் இல்லை, கையால் மடித்ததுதான்.

நீ அங்கு போன முதல் வருடம் இந்த வெண்ணெயின் கதையை ஒரு மணி நேரம் தொலைபேசியில் சொன்னாய். கிறிஸ்துமஸுக்கு முந்திய நோன்பு நாள்களில் வெண்ணெய் விலக்கு என்பதால் அக்காலத்தில் எண்ணெயில் செய்தார்கள், சாக்சனியின் ஆட்சியாளர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 1491இல் பாப்பரசர் எட்டாம் இன்னொசன்ட் அனுமதி எழுதிக் கொடுத்தார் என்று நீ சொல்லச் சொல்ல, அம்மாவும் பக்கத்தில் காதை வைத்துக் கேட்டாள். ரை தானிய மாவுக்குப் புளிப்பு ஏன் வேண்டும் என்பதையும் நீதான் எனக்கு விளக்கினாய். புளித்த மா சேர்க்காவிட்டால் ரை பாணின் உள் பகுதி களியாக ஒட்டும் என்று 27 வருட இரவு வேலையில் என் கை அறிந்திருந்தது; அந்த மாவிலுள்ள நொதி அடுப்புச் சூட்டில் மாப்பொருளைச் சிதைக்கிறது, புளிப்பு அதைத் தடுக்கிறது என்ற காரணத்தை நீ ஒரே வாக்கியத்தில் சொன்னாய். அதை நான் வெதுப்பகத்தில் எல்லோருக்கும் சொன்னேன். அப்படிப் பேசிய பிள்ளை இப்போது "சாப்பிட்டேன்" என்ற ஒரு சொல்லோடு தொலைபேசியை வைத்துவிடுகிறாள்.

காமாட்சி அம்பாள் தேருக்கும் நீ வரவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பரீட்சை என்று சொன்னேன். நீ படிப்பு முடித்து இரண்டு வருடமாகிறது என்பது அவர்களுக்கும் தெரியும்.

இரவில் பாணும் பாலாடைக்கட்டியும்தான் என்கிறாய். அதில் குறையில்லை. ஆனால் இந்த நாட்டவரின் ஆபெண்ட்ப்ரோட் குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்று தின்னும் சாப்பாடு அல்ல. ஆளுக்கொரு பலகை வைத்து, நடுவில் பாணை வைத்து, இருந்து பேசிச் சாப்பிடுவது. நீ தனியாகச் சாப்பிடுகிறாயோ என்று அம்மா கவலைப்படுகிறாள். ஒக்டோபரில் அனுப்பிய பாணை வேறொருவர் கையெழுத்திட்டு வாங்கியதாக அறிவிப்பு வந்தது. அயலவராக இருக்கும் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நீ கொண்டுபோன புளித்த மாவுக்குக் கிழமைக்கு ஒரு முறை புதிய மாவும் தண்ணீரும் கொடுக்கிறாயா? அது மேல்மாடி ஓமா, அந்த ஜேர்மன் பாட்டி, தந்தது.

ஓமாவைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். உனக்கு அப்போது ஒன்பது வயது. அவருடைய பலகாரத்தில் பன்றிக்கொழுப்பு இருக்கிறது என்று அறிந்து, விரதம் பிடிக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இது ஆகாது என்று அவர் வாசலில் நின்று சொல்லிவிட்டு, உன்னைக் கையில் பிடித்துக் கீழே கூட்டி வந்தேன். அது உனக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அந்த டிசம்பர் 6ஆம் திகதி, நீ பள்ளியில் இருந்த நேரம், அவர் ஒரு தட்டு நிறைய வனிலாகிப்ஃபெர்ல் பிஸ்கட் கொண்டு வந்தார். கொழுப்பு இல்லை, வெண்ணெயும் பாதாமும் மட்டும்தான், பாத்திரங்களையும் தனியாகக் கழுவித்தான் செய்தேன் என்று எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். நான் நன்றி சொல்லி வாங்கினேன். உனக்குத் தரவில்லை. அன்றிரவே வெதுப்பகத்துக்குக் கொண்டுபோய் உடன் வேலை செய்தவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்கும் அந்த நிக்கோலாஸ் நாளில் ஓமா உன்னை மறந்துவிட்டார் என்று நீ அழுதபோதும் வாய் திறக்கவில்லை.

கொழுப்பு ஒரு சாட்டு, மகளே. இரவு வேலை முடித்துப் பகலில் படுத்திருக்கும்போது மேலேயிருந்து உன் சிரிப்பும், எனக்குப் பிடிபடாத வேகத்தில் நீ பேசும் ஜேர்மனும் கேட்கும். இந்தப் பிள்ளை இப்படியே எங்களை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்தேன். அந்த மூதாட்டி என் வீட்டு விரதத்துக்காகத் தன் கைப்பழக்கத்தையே மாற்றிக்கொண்டார். நான் அந்தத் தட்டை மறைத்தேன். அவர் இருக்கும்போதே உன்னிடம் சொல்லியிருந்தால் நீயாவது போய்ப் பார்த்திருப்பாய்.

வழக்கமாக உனக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று. இம்முறை இரண்டையும் அனுப்புகிறேன். ஒருவருக்கு இது அதிகம் என்று அறிந்தே அனுப்புகிறேன். கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்தால் படுக்கைகளுக்குக் குறைவில்லை. மெல்லியதாகச் சீவாமல் ஒரு விரல் தடிப்பில், நடுவிலிருந்து வெட்டு. உன் வீட்டில் பாதாம் ஒத்துக்கொள்ளாதவர் எவரேனும் இருந்தால் எழுது, அடுத்த தடவை போடாமல் செய்கிறேன்.

அன்புடன்,
அப்பா