வாளி விளிம்பில் காய்ந்த மருந்து

குடியாத்தம்

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் காகிதம்.

கொச்சியில் கடற்படையின் துரோணாச்சார்யா பள்ளியில் பீரங்கிப் படிப்பு முடித்த பிள்ளையை விபத்து விசாரணைக்கு உதவியாகப் போட்டிருக்கிறார்கள் என்று உங்கம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். என்ன விபத்து என்று நீயும் சொல்லவில்லை, நானும் கேட்கமாட்டேன். ஆனால் "ஆள் பண்ணின தப்பாத்தான் இருக்கும்ப்பா" என்று வாய்தவறிச் சொன்னாயே, அதுதான் இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

நான் வேலை பார்த்த தீப்பெட்டி கம்பெனியில் ஒருநாள் காலை மருந்து கலக்கும் இடம் பற்றிக்கொண்டது. அங்கிருந்த அக்காவுக்கு இரண்டு கையும் வெந்துபோனது. பேச்சுவாக்கில் கவனம் தப்பிவிட்டாள் என்று சொல்லி வேலையை விட்டே நிறுத்திவிட்டார்கள். மூன்று நாள் கழித்து மற்ற வாளிகளைக் கழுவும்போது பார்த்தேன், விளிம்பைச் சுற்றிப் பழைய மருந்து பொருக்காகக் காய்ந்து கிடந்தது. ஈரமாக இருக்கும்வரை மருந்து சாது. காய்ந்தால் லேசாக உரசினாலே போதும். வெயில் காலம், தண்ணீர் இல்லை, ஒரு வாரமாக யாரும் வாளி கழுவவில்லை. அதை நான் முதலாளியிடம் போய்ச் சொன்னேனா? இல்லை. உன் பள்ளிக்கூடப் பணம் கட்டவேண்டிய மாதம் அது.

அமெரிக்காவின் அயோவா போர்க்கப்பலைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்கும். 1989 ஏப்ரல் 19, ஒரே பீரங்கிக் கோபுரம் வெடித்து 47 பேர் செத்தார்கள். அதில் செத்த ஒரு மாலுமியே வேண்டுமென்று வெடிக்க வைத்தான் என்று எழுதினார்கள். அப்புறம் சாண்டியா என்ற அமெரிக்க அரசு ஆய்வகத்துக்காரர்கள் வெடிமருந்து மூட்டைகளை அளவுக்கு மீறிப் பீரங்கிக்குள் தள்ளினால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். அதே மருந்தை மேலிருந்து போட்டுப் போட்டுப் பார்த்ததில் 18ஆவது தடவை தானாகவே பற்றிக்கொண்டது. காரணத்தை உறுதியாகச் சொல்ல முடியாது என்று 1991இல் கடற்படையே அந்தக் குடும்பத்திடம் வருத்தம் தெரிவித்தது. இரண்டரை வருஷம்! பெற்றவர்கள் எப்படித் தெருவில் நடந்திருப்பார்கள்?

எனக்குப் பிடித்தது அதைவிடப் பழைய கதை. 1879இல் இங்கிலாந்தின் தண்டரர் போர்க்கப்பலில் இரண்டு பீரங்கியையும் சேர்த்துச் சுட்டபோது ஒன்று வெடிக்கவில்லை. அந்த இரைச்சலில் யாருக்கும் தெரியவில்லை. அதன் மேலேயே மறுபடி மருந்தும் குண்டும் போட்டார்கள். 11 பேர் போனார்கள். அப்படியெல்லாம் நடக்காது என்று வாதாடியவர்களும் இருந்தார்கள். உடனிருந்த ஜோடி பீரங்கியை லண்டன் பக்கம் உல்விச்சில் இருந்த ஆயுதச் சாலைக்குக் கொண்டுபோய், வேண்டுமென்றே இரட்டை மருந்து போட்டுச் சுட்டார்கள். அதுவும் அதே மாதிரி பிளந்தது. அப்புறம்தான் வாய்வழியாக மருந்து போடும் பீரங்கியை விட்டுப் பின்பக்கம் திறக்கும் பீரங்கிக்கு மாறினார்கள். முதல் மருந்து உள்ளேயே கிடந்தால் திறந்ததும் கண்ணில் படுமே.

நீ எழுதும் தாளில் ஆள் பெயரை முதல் வரியில் போடாதே. மருந்து எத்தனை நாள் வெயிலில் கிடந்தது, அந்தப் பையன்கள் முதல் நாள் ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தார்கள் என்று கேட்டுவிட்டு எழுது.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு லீவு கிடைக்குமா? அம்மா இலவம்பாடி கத்தரிக்காய்க்குச் சொல்லிவைக்க வேண்டுமாம். அந்த அக்கா இப்போது நெல்லூர்ப்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறாள். நீ வந்தால் ஒருநாள் என்னோடு வா. தனியாகப் போக எனக்குக் கால் வரவில்லை.

அப்பா