ஆலயச் சூரிய மின் திருப்பணி: நிறைவு அறிக்கை

பரிபாலன சபை அங்கத்தவர்களுக்கும் உபயகாரர்களுக்கும் வணக்கம்.

பங்குனியில் தொடங்கிய சூரிய மின் வேலை வைகாசிப் பொங்கலுக்கு ஒரு கிழமை முன்பு முடிந்தது. வரவு செலவுத் தாளைத் தனியாக இணைத்திருக்கிறோம். அதைப் பார்த்தவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றைத்தான்: "பற்றரிக்குக் காசு போனது சரி, வயருக்கும் பியூசுக்கும் ஏன் இவ்வளவு?" இந்த அறிக்கையின் பெரும்பகுதி அதற்கான பதில்.

மின்கம்பம் வயல்வெளிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. ஆலயம் குளக்கட்டின் இந்தப் பக்கம், காட்டோரம். பொருளாதாரத் தடைக் காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோ சுற்றி றேடியோ கேட்டவர்கள் நம் சபையில் பலர். அதனால் "நாங்களே பூட்டுவோம்" என்ற துணிவு எங்களுக்கு எப்போதும் அதிகம். முதல் தடவை அந்தத் துணிவு மட்டுந்தான் இருந்தது.

அப்போது பூட்டியது 12 வோல்ற் முறை. இரண்டு பழைய ஈயப் பற்றரிகள், பிறகு வாங்கிய இரண்டு புதியவை, நான்கும் சமாந்தரமாக. புதியவை இரண்டும் பழையவற்றைத் தூக்கிச் சுமந்தே கிழடாகின. வயரையும் வரிசையின் ஒரே முனையிலிருந்து எடுத்திருந்தோம். பொசிற்றிவ்வை முதல் பற்றரியிலும் நெகற்றிவ்வைக் கடைசிப் பற்றரியிலும் எடுத்திருந்தால் பாரம் ஓரளவு சமமாகப் பிரிந்திருக்கும். தகரக் கூரையின் கீழ் சித்திரை வெயிலில் பற்றரித் தண்ணீர் வற்றியது. வடிநீர் வாங்க ஒட்டுசுட்டான் வரை போகப் பஞ்சிப்பட்டு, கேணியடிக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றினோம். நம்முடைய கிணற்று நீரில் கேத்தில் வெள்ளை படிவது எல்லோருக்கும் தெரியும். அது பற்றரித் தட்டை என்ன பாடு படுத்தும்? அந்தப் பாவத்தைச் செய்தவன் இதை எழுதுகிற செயலாளர்தான்.

ஆனாலும் அந்த முறையை முடித்து வைத்தது பற்றரி அல்ல, ஒரு லக்: வயர் நுனியில் பூட்டும் செப்புக் காது. திருவிழா இரவு ஒன்றில், பம்பைப் போட்டதும் மூலஸ்தான பல்ப் மங்கிச் சிவந்தது. பிளாஸ்ரிக் கருகும் மணம் வந்தது. அந்தச் செப்புக் காது நீலம் பாரித்து, அதன் உறை உருகி வழிந்திருந்தது. அதை நாங்கள் சுத்தியலால் தட்டித்தான் நெரித்திருந்தோம். அடுத்த நாள் மீற்றரை வைத்துப் பார்த்தால் அந்த ஒரு பொருத்தில் மட்டும் 0.4 வோல்ற் விழுகிறது. கேட்க அற்பமாக இருக்கும். ஆனால் ஒரு குதிரை வலுப் பம்புக்கு 12 வோல்ற்றில் கிட்டத்தட்ட 95 அம்பியர் ஓடும். இரண்டையும் பெருக்கினால் 38 வாற்ஸ்: ஒரு சோல்டரிங் அயனின் சூடு, விரல் நுனியளவு இடத்தில். பம்ப் புறப்படும் கணத்தில் ஓட்டம் 400 அம்பியரைத் தாண்டும். அந்த லக் ஆலய அலுவலக மேசையில் ஒரு போத்தலுக்குள் இருக்கிறது, வருகிறவர்கள் பார்க்கலாம்.

ஆகவே இம்முறை முதல் முடிவு 48 வோல்ற். அதே பம்புக்கு இப்போது ஓடுவது ஏறத்தாழ 22 அம்பியர்தான். ஓட்டம் நாலிலொன்றானால் அதே வயரில் சூடு பதினாறிலொன்றாகும். அப்படியிருந்தும் பற்றரியிலிருந்து இன்வேர்ட்டருக்கு 50 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர்தான் போட்டோம், நீளம் ஒன்றரை மீற்றருக்கு மேற்படாமல். லக்குகளை நீரழுத்தக் கருவியால் நெரித்தோம். கருவியை முல்லைத்தீவில் ஒருவரிடம் இரவல் வாங்கினோம், வாடகையில்லை.

பியூஸ் விஷயம். லிதியம் பற்றரியில் ஷோர்ட் ஏற்பட்டால் ஆயிரக்கணக்கான அம்பியர் பாயும். சாதாரண பியூஸ் எரிந்த பிறகும் உள்ளே தீப்பொறி பாலம் கட்டி நிற்கலாம். அதனால் அந்தப் பொறியையும் அணைக்கும் ரி (T) வகை பியூஸ், 150 அம்பியர், பற்றரியின் பொசிற்றிவ்வை ஒட்டியே. பனல் பக்கத்துக்குக் கடையில் முதலில் தந்தது வீட்டுக்குப் பூட்டும் பிரேக்கர். திருப்பிக் கொடுத்துவிட்டோம். வீட்டு மின்னோட்டம் செக்கனுக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடும், பிரேக்கர் வெட்டும்போது எழும் பொறி தானே அணைந்துவிடும். பனலிலிருந்து வரும் நேரோட்டத்துக்கு (DC) அந்த இடைவெளி கிடையாது. நேரோட்டத்துக்கென்றே செய்த பிரேக்கர்தான் வேண்டும். விலை கூட.

பற்றரி இரும்பு பொசுபேற்று லிதியம், 280 அம்பியர் மணி செல்கள் 16. மொத்தம் 14.3 அலகு (ஓர் அலகு 1,000 வாற் மணி). இந்த அளவு எப்படி வந்தது? பல்ப் 20, நாளுக்கு 5 மணி நேரம்: 900 வாற் மணி. மின்விசிறி நான்கு: 1,120. அம்பிளிபயர் 450. பம்ப் முக்கால் மணி நேரம் 750. இவ்வளவும் எல்லோரும் எண்ணுவது. எண்ணாதது, நடை சாத்திய பிறகும் சும்மா நிற்கும் இன்வேர்ட்டர் தின்னும் 50 வாற்ஸ். நாளுக்கு 1,200, பல்ப் எல்லாம் சேர்ந்து எரிப்பதை விட அதிகம். ஆக நாளொன்றுக்கு 4.4 அலகு. பற்றரியில் 80 வீதத்தை மட்டும் பாவிப்பதாக வைத்தால் வெயில் இல்லாமல் இரண்டரை நாள் தாங்கும். கார்த்திகை அடைமழையில் அதற்கு மேலும் மூடிக்கிடந்தால் விசிறியை நிறுத்த வேண்டியதுதான். எப்படியும் அந்த மாதம் யாருக்கு விசிறி வேண்டும்?

சும்மா நிற்கும்போது குறைவாகத் தின்னும் இலேசான இன்வேர்ட்டர்களும் இருக்கின்றன. ஆனால் மோட்டர் புறப்படும்போது ஓடும் வலுவைப்போல ஐந்து மடங்கு கேட்கும். இரும்புக் கருவுள்ள பாரமான வகைதான் அதை நன்றாகத் தாங்கும். நான்கு பேர் தூக்கி வைத்தோம்.

பனல் 450 வாற்ஸ், ஆறு. இதில் ஒரு தப்பு நடக்க இருந்தது. மூன்று மூன்றாகத் தொடராகத் தொடுப்பதாக இருந்தோம். ஒரு பனலின் திறந்த வோல்ற் (பாரம் எதுவும் இல்லாதபோது காட்டுவது) 49.5, மூன்றுக்கு 148.5, பனலிலிருந்து பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றும் சார்ஜ் கொன்ட்ரோலரின் எல்லை 150. சரிதானே என்று கை தட்டிவிட்டோம். பனலின் வோல்ற் குளிரில் ஏறும் என்று எங்கள் பொடியன் ஒருவன் நினைவுபடுத்தினான். அட்டவணையில் இருப்பது 25 பாகை வெப்பத்துக்குரியது. அதிலிருந்து குறையும் ஒவ்வொரு பாகைக்கும் கால் வீதத்துக்குக் கொஞ்சம் கூட ஏறும். மார்கழித் திருவெம்பாவை விடியலில் 20 பாகைக்கு இறங்கினால் 150ஐத் தாண்டிவிடும். கொன்ட்ரோலர் போனபிறகு கும்பிட்டு என்ன பயன்? இரண்டு இரண்டாக மூன்று வரிசை என்று மாற்றி, வரிசைக்கு ஒரு பியூஸ் போட்டோம்.

நிலத்தில் நிறுத்துவதை யானை காரணமாகக் கைவிட்டு, அன்னதான மண்டபக் கூரையில், தெற்குப் பார்க்க 10 பாகை சரிவில் வைத்தோம். மூன்று மணிக்குப் பிறகு அரசமர நிழல் இரண்டு பனலில் விழுகிறது. மரத்தை வெட்டும் பேச்சே எழவில்லை.

முன்பு ஐயர் மைக்கைத் தொட்டால் சுரீர் என்று இழுக்கும். இன்வேர்ட்டரின் நியூட்ரல் எர்த்தோடு சேராமல் அந்தரத்தில் நின்றால் ட்ரிப் சுவிட்ச் இருந்தும் இல்லாத மாதிரி. இப்போது உரிமம் பெற்ற மின் வேலைக்காரர் ஒருவரைக் கொண்டு நியூட்ரலையும் எர்த்தையும் ஓரிடத்தில் மட்டும் இணைத்திருக்கிறோம். எர்த் கம்பியை அடிக்கக் கோமுகைப் பக்கம் தெரிந்தெடுத்தோம். அபிஷேகத் தண்ணீர் வடிவதால் ஆவணிக் கோடையிலும் அந்த மண் ஈரம். திருவிழாவுக்கு ஜெனரேற்றர் கொண்டுவருபவர்கள் மாற்றுச் சுவிட்ச் வழியாக மட்டுமே கொடுக்க வேண்டும். சும்மா ஒரு சொக்கற்றில் செருகக் கூடாது.

பற்றரி, மடப்பள்ளிச் சுவரிலிருந்து தள்ளி, ஓட்டுக் கூரைப் பழைய அலுவலக அறையில். பல்லி நுழையாமல் காற்றுத் துவாரங்களுக்கு நுண்வலை. செல்லுக்கு 3.45 வோல்ற்றோடு சார்ஜ் நிற்கும், 3.0க்கு இறங்கினால் இன்வேர்ட்டர் முதலில் நிற்கும்படி வைத்திருக்கிறோம். அதை விட்டு, செல்களைக் காக்கும் பற்றரியின் காவல் பலகை (BMS) தானே வெட்டும் நிலைக்குப் போனால், பூசை நடுவில் இருட்டாவதோடு கொன்ட்ரோலரும் பற்றரி இல்லாமல் தனித்து நின்று பழுதாக நேரலாம்.

மிச்சமிருப்பது: இடி தாங்கி இன்னும் வரவில்லை, ஐப்பசி இடிக்கு முன் பூட்ட வேண்டும். நட்டுகளை முறுக்குமானியால் இறுக்கிப் பேனாவால் கோடு போட்டிருக்கிறோம். கோடு விலகியிருந்தால் நட்டு இளகிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு பூரணையிலும் பார்ப்பது பொருளாளர் பொறுப்பு. பழைய ஈயப் பற்றரிகள் நான்கும் எடைக்கு விற்கப்பட்டன, காசு உண்டியல் கணக்கில் சேர்ந்தது, பற்றுச்சீட்டு இணைப்பில் உண்டு.

செயலாளர்,
ஆலய பரிபாலன சபை