அம்மாவுக்கு, கனடா ரால்ஸ்டனில இருந்து

22.01.2023, ஞாயிறு

தம்பி, இதை நீ போனில வாசிச்சுக் காட்டாத. கொமியூனிகேஷன் கடையில பிரிண்ட் எடுத்து, எழுத்தைப் பெரிசாக்கி, அம்மாட கையில குடு. கண் ஒப்பரேஷன் செய்த ஆள் போனைப் பாக்கக்கூடாது.

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கட கடிதம் போன வியாழக்கிழமை தான் வந்தது. நீங்கள் நவம்பர் 24 எண்டு திகதி போட்டிருக்கிறீங்கள், கிட்டத்தட்ட ரெண்டு மாசம். தபாற்காரரைக் குறை சொல்லாதீங்கோ, பி.எஃப்.பி.ஓ எண்ட பிரிட்டிஷ் ஆமித் தபால் விலாசத்துக்குப் போட்டா அது முதல்ல லண்டனுக்குப் போய் நோர்தோல்ட் எண்டு ஒரு இடத்தில ஆமித் தபாலோட சேந்து பிறகு தான் இஞ்ச வரும். நீங்கள் கடைசியில கனடா எண்டும் எழுதியிருந்தீங்கள், இனி எழுதாதீங்கோ, நாட்டுப் பேர் எழுதினா அது சாதாரண தபாலுக்குள்ள போய் அங்க இஞ்ச அலையும். கடித உறையில மஞ்சள் மணந்தது அம்மா. குசினி மேசையில வச்சு எழுதியிருக்கிறீங்கள் எண்டு அதிலயே தெரிஞ்சு போச்சு.

நான் நாலு மாசமா ஒழுங்கா எழுதேல்ல, அது என்ர பிழை தான். போன் எடுக்கிறன் தானே எண்டு நினைச்சுக்கொண்டு இருந்திட்டன். போனில நீங்களும் "சுகம்" எண்டுறீங்கள் நானும் "சுகம்" எண்டுறன், சின்னவன் கத்துறான், கட் பண்ணிடுறம். ஆனா கடிதத்தில மூண்டாம் பக்கத்தில, ஏதோ மரக்கறி விலை எழுதிற மாதிரி, "ஒக்டோபரில மூண்டு நாள் வாட்டில வச்சிருந்தவங்கள், சுகர் கூடிப்போச்சு" எண்டு எழுதியிருக்கிறீங்கள். ஒக்டோபர்! இப்ப ஜனவரி. அந்த மூண்டு நாளும் நான் உங்களோட கதைச்சனான் எண்டு நினைக்கிறன், நீங்கள் ஆஸ்பத்திரிக் கட்டிலில இருந்துகொண்டு தான் "புட்டு அவிக்கிறன் பிறகு எடு" எண்டு சொன்னீங்களோ? இதுக்கு நான் பிறகு வாறன்.

முதல்ல கொட்டாஞ்சேனை மாமா சொன்ன கதைக்கு வாறன், ஏனெண்டா உங்கட கடிதத்தில பாதி அது தான். ஆமிக்காரரை வெளிநாட்டுக்கு அனுப்பினா நாளுக்கு 29 பவுண் வரி இல்லாம குடுப்பாங்கள், பார்சல் எல்லாம் ஃப்ரீ, அப்ப உன்ர மகள் லட்சக்கணக்கில சேத்து வச்சிருப்பாள் எண்டு மாமா சொல்லியிருக்கிறார். மாமா பொய் சொல்லேல்ல, ஆனா வேற ஆக்களின்ர கணக்கை எங்கட தலையில வச்சிட்டார். அந்த 29 பவுண் சொச்சம் ஒப்பரேஷனல் அலவன்ஸ், ஆப்கானிஸ்தான் மாதிரி உயிருக்கு ஆபத்தான இடத்துக்குப் போனவைக்கு 2006இல தொடங்கி 2010இல இரட்டிப்பாக்கினது. ரெண்டு கிலோ வரைக்கும் ஃப்ரீயா பார்சல் போறதும், கிழமைக்கு அரை மணித்தியாலம் ஃப்ரீ போனும் அப்பிடிப் போனவைக்குத் தான். இஞ்ச யாரும் எங்களைச் சுடேல்ல. இது ஒரு பயிற்சி இடம், 1972இல இருந்து பிரிட்டிஷ் ஆமி கனடாட்ட எடுத்து பாவிக்கிற வெட்டவெளி, 2,700 சதுர கிலோமீற்றர், கொழும்பு மாவட்டத்தை கிட்டத்தட்ட நாலு தரம் வைக்கலாம். அதுக்குள்ள மரம் எண்டு சொல்ல ஒண்டும் இல்ல, புல்லும் காத்தும் தான்.

எங்களுக்கு வாறது எல்.ஓ.ஏ. அது சம்பளம் இல்லையம்மா. இங்கிலாந்தில ஒரு வீட்டுக்கு வாங்கிற சாமான் என்ன விலை, அதே சாமான் இஞ்ச என்ன விலை எண்டு பாத்து, அந்த வித்தியாசத்தைத் தாறது. என்ர மனுசனின்ர ஆமி ராங்க், எத்தினை பேர் வீட்டில, எந்த இடம் எண்டு பாத்துத் தான் கணக்கு, டொலர் பவுண் ஏற இறங்க அதுவும் மாறும். போன செப்டம்பரில பவுண் விழுந்தது ஞாபகம் இருக்கா, இவருக்குச் சம்பளம் பவுணில, நான் பால் வாங்கிறது டொலரில. அலவன்ஸைத் திருத்துவாங்கள் தான், ஆனா கடைக்காரன் அது வரும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிக்க மாட்டான். அதால தான் நான் மாமாவுக்குச் சொல்லச் சொல்றன், அது வீட்டுக்குள்ள வந்து அப்பிடியே வாசலால போற காசு. இப்ப ஒரு கனடா டொலர் 270 ரூபா எண்டு அங்க இருந்து பெருக்கிப் பாத்தா எல்லாம் பெரிசாத் தான் தெரியும். நீங்கள் காஸ் கியூவில நிண்டு கால் வீங்கின போன வருசம் ரூபா அப்பிடி விழுந்தபடியா தான் எங்கட டொலர் பெரிசாத் தெரியுது, நாங்கள் ஒண்டும் கூட உழைக்கேல்ல.

இன்னொண்டு எல்.எஸ்.ஏ. அது பிரிஞ்சிருக்கிறதுக்கு. இவரை மூண்டு மாசத்துக்கு வேற இடத்துக்கு அனுப்பியிருக்கு, எங்க எண்டு கடிதத்தில எழுதக்கூடாது, பயப்பிடாதீங்கோ, சண்டை இல்ல, வாகனம் திருத்திற வேலை தான். வீட்டை விட்டு எத்தினை நாள் வெளியில இருந்தவர் எண்டு ஆமியில சேந்த நாளில இருந்து கூட்டிக்கொண்டே வருவாங்கள், நாள் கூடக் கூட நாட்காசும் படிப்படியா ஏறும், டக்ஸும் வெட்டுவாங்கள். போன மாசம் சம்பளச் சீட்டில அந்த நாள்க் கணக்கைப் பாத்திட்டு நான் கொஞ்ச நேரம் அப்பிடியே இருந்திட்டன். இவ்வளவு நாளா எண்டு.

இது எல்லாம் நான் உங்களுக்கு ஏன் இவ்வளவு விரிவா எழுதிறன் எண்டா, ஆமி எண்ட சொல்லு எங்கட வீட்டில எப்பிடி விழுந்தது எண்டு எனக்குத் தெரியும். அப்பா ஒரு கிழமை என்னோட கதைக்கேல்ல. 2007 ஜூனில வெள்ளவத்தையில லொட்ஜ்களில இருந்த தமிழ் ஆக்களை விடியக்காலம பஸ்ஸில ஏத்தினதைக் கண்ணால பாத்த மனுசன், அவருக்கு எந்த நாட்டு ஆமியும் ஆமி தான். பிறகு அவரே இவரை இருத்திவச்சு, துவக்கு தூக்கிற வேலையோ ஸ்பனர் தூக்கிற வேலையோ எண்டு கேட்டு, ஸ்பனர் எண்டோடன ஓம் சொன்னவர். இப்பவும் நீங்கள் பக்கத்து ஃபிளட் ஆக்களுக்கு "மருமகன் மெக்கானிக்" எண்டு மட்டும் தான் சொல்றீங்கள் எண்டு தம்பி சொன்னவன். அப்பிடியே சொல்லுங்கோ அம்மா, அது உண்மை தானே.

கனடா எண்டோடன பெரியம்மாவோட இருக்கிறன் எண்டு சித்தி நினைச்சுக்கொண்டு, அவவுக்கு இடியப்பத் தட்டு குடுத்து விடச் சொல்லியிருக்கிறா. பெரியம்மா இருக்கிற ஸ்காபரோ இஞ்ச இருந்து ஏறக்குறைய 3,000 கிலோமீற்றர். கொழும்பில இருந்து யாழ்ப்பாணம் ஏழு தரம் போற தூரம். கிட்ட இருக்கிற டவுன் மெடிசின் ஹட், அதுவே 50 கிலோமீற்றர். தமிழ்க் கடைச் சாமான் எண்டா கல்கரிக்குப் போகோணும், மூண்டு மணித்தியாலம் ஓடோணும், இவர் இல்லாம நான் அந்த ரோட்டில பனிக்குள்ள ஓட மாட்டன். அதால நீங்கள் வறுத்துத் தந்த தூளை எண்ணி எண்ணிப் போடுறன். போத்தலின்ர அடி தெரியுது.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். கிறிஸ்மஸுக்கு முதல் கிழமை மைனஸ் 35க்குப் போனது. மூக்குக்குள்ள இருக்கிற மயிர் விறைச்சு குத்தும். காருக்கு இரவில வயர் செருகி, கரண்டில எஞ்சினைச் சூடாக்கி வைக்கோணும், இல்லாட்டி காலமை ஸ்டார்ட் வராது. பிறகு சினூக் எண்டு ஒரு காத்து மலைப்பக்கத்தில இருந்து வரும், வந்தா ஒரே நாளில பனி எல்லாம் தண்ணி, ஆக்கள் ஜக்கெற்றைத் திறந்துகொண்டு நடப்பினம், எனக்குத் தலையிடி வந்திடும். பொங்கலுக்கு அடுப்பை வெளியில வைக்க ஏலுமே? குசினியில தான் பொங்கினன், பால் பொங்கேக்க சின்னவன் "பொங்கலோ பொங்கல்" எண்டு கத்தினான், ஸ்மோக் அலாமும் கத்தினது. தேங்காய்ப்பூ ஃப்ரோசன். ருசி குறைவு எண்டாலும் சின்னவன் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டவன்.

பக்கத்து வீட்டு பீஜித்தீவு அக்காவைப் பற்றி நான் சொன்னனானே, அவவும் வந்து சாப்பிட்டவ. அம்மா, அவ ஒரு தனிப் பிறவி. மைனஸ் 25இலயும் காலில பாட்டா செருப்போட வெளியில வந்து உடுப்பு காயப் போடுவா. அது காய்ஞ்சு இல்ல, விறைச்சு பலகை மாதிரி வரும், இவரின்ர ஆமிக் காற்சட்டை மாதிரி ஒண்டை சுவரில சாத்தி வச்சதை நான் பாத்தனான், ஆள் நிக்கிற மாதிரி நிண்டது. ஏன் அக்கா எண்டு கேட்டா, வெயில் படாத உடுப்பு பிள்ளையின்ர உடம்பில படக்கூடாது எண்டு அவவின்ர அம்மா சொன்னவவாம். தேங்காய்ப் பாலுக்கு லோலோ எண்டு சொல்லுவா. எங்கட கறியைச் சாப்பிட்டிட்டு, ஊரில தங்கட பக்கத்து வீட்டு ஆக்கள் இப்பிடித் தான் சமைப்பினம் எண்டவ. அந்தக் காலத்தில கரும்புத் தோட்டத்துக்கு மெட்ராஸில இருந்து கப்பலில கொண்டு போன சனத்தின்ர பிள்ளைகள் தானாம். எனக்கு அதைக் கேக்க உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிட்டுது. எங்கேயோ கடலுக்கு நடுவில யாரோ எங்கட கறி வைக்கினம்.

அவவின்ர வீட்டு வாசல் கதவுக்குப் பின்னால எப்பவும் ஒரு சூட்கேஸ் இருக்கும். முதல்ல நான் நினைச்சன் லீவுக்குப் போகப் போறா எண்டு. இல்லையாம். அவவின்ர தகப்பன் மோசம் போனபோது இவை ஜேர்மனியில, அடுக்கி வெளிக்கிடுறதுக்குள்ள கிழமை போயிட்டுதாம், அதில இருந்து அடுக்கியே வச்சிருக்கிறா. ஒரு செற் கறுத்த உடுப்பும், பாஸ்போர்ட்டும், பிள்ளைகளுக்கு ரெண்டு ரெண்டும்.

அப்பா மோசம் போன 2020இல கட்டுநாயக்கா எயாப்போட் பூட்டியிருந்தது. நான் லப்டொப்பில பாத்தனான், தம்பி போனைப் பிடிச்சபடி அழுததில படம் ஆடிக்கொண்டே இருந்தது, நான் அப்பாவின்ர காலை மட்டும் தான் வடிவாப் பாத்தனான். அதை நான் உங்களுக்கு இதுவரை சொல்லேல்ல. இரவு சின்னவன் படுத்தாப் பிறகு, காத்து ஜன்னலை அடிக்கேக்க, காலி வீதியில கடைசி பஸ் போற சத்தமும் அதுக்குப் பின்னால ரெயில் சத்தமும் எனக்கு கேட்டுக்கொண்டு இருக்கும், எழும்பிப் பாத்தா ஒண்டும் இல்ல. நானும் இப்ப ஒரு சூட்கேஸ் அடுக்கி வச்சிருக்கிறன் அம்மா. அதுக்குத் தான் உங்களில கோவம். நீங்கள் வாட்டில இருக்கிறதை மறைச்சா அந்தச் சூட்கேஸால என்ன பிரயோசனம்?

சரி. தங்கச்சியின்ர கல்யாணக் காசு. நீங்கள் பத்து லட்சம் கேட்டிருக்கிறீங்கள். மூண்டு லட்சம் இந்தக் கிழமை தம்பியின்ர எக்கவுண்டுக்கு வரும், ஹோலுக்கு அட்வான்ஸ் கட்டுங்கோ, பம்பலப்பிட்டியில கேட்டதை விட வெள்ளவத்தையில சின்ன ஹோல் போதும், மாப்பிள்ளை வீட்டுக்காரர் நல்ல ஆக்கள், அவை ஒண்டும் சொல்ல மாட்டினம். மிச்சம் ஏப்ரலுக்குப் பிறகு. முதல் தரலாம் தான், ஆனா என்ர விசா அலுவல் ஒண்டு இருக்கு. ஆறு வருசம் சர்வீஸ் முடிச்ச வெளிநாட்டு ஆமிக்காரருக்கு நிரந்தரமா தங்கிற விசாவுக்கு காசு இல்லை எண்டு போன ஏப்ரலில இருந்து ஆக்கிட்டாங்கள், இவருக்கு ஃப்ரீ. சின்னவன் இங்கிலாந்தில பிறந்தவன், தகப்பன் ஆமியில இருந்தபடியா பிறக்கேக்கயே பிரிட்டிஷ். பெண்சாதிமாருக்கு மட்டும் அந்தச் சலுகை இல்ல, இந்த 2023 தொடக்கத்தில 2,404 பவுண் கட்டோணும். அது நியாயம் இல்லை எண்டு எனக்கு மனசுக்குள்ள இருக்கு, அவையோட சேந்து இழுபட்டு வாறது நாங்களும் தானே. ஆனா அது நடக்கும், நீங்கள் யோசிக்காதீங்கோ. எனக்கு இஞ்ச வேலை செய்ய பெமிட்டுக்குப் போட்டிருக்கிறன், வந்தா ஸ்கூல் கன்ரீனில எடுப்பினம். பொங்கல் போட்டோவில கையில காப்பு இல்லை எண்டு பெரியம்மா உங்களுக்கு போன் எடுத்தவவாம். குளிருக்கு இரும்பு மாதிரி விறைக்குது, கழட்டி வச்சிருக்கிறன் எண்டு சொல்லுங்கோ.

வெல்ஃபெயர் ஒஃபிஸில ஒரு நல்ல மனுசி இருக்கிறா, இவர் இல்லாத நாளில கிழமைக்கு ஒருக்கா போன் எடுத்து சின்னவனைக் கேப்பா, பனி கூடினா ஆளை அனுப்பி வாசலை வழிச்சுத் தருவா. அவவிட்ட தான் நான் போய் உங்கட விசயத்தைக் கேட்டனான்.

தம்பி, இது உனக்கு. இங்கிலாந்தில குளொஸ்டரில ஆமிக்கு ஒரு இடம் இருக்கு, ஜே.சி.சி.சி எண்டு சொல்லுவினம், ராப்பகலா ஆக்கள் இருப்பினம். வீட்டில யாருக்கும் கடுமை எண்டா அங்க போன் எடுத்து இவரின்ர சர்வீஸ் நம்பர், ராங்க், பேர், எந்த ஆஸ்பத்திரி, எந்த டொக்டர் எண்டு சொல்லோணும், அவை டொக்டரோட கதைச்சு உறுதிப்படுத்தின பிறகு தான் லீவும் டிக்கெற்றும் பாப்பினம். நீ எனக்கு எடுத்து நான் அழுது பிறகு நான் அவைக்கு எடுக்கிறதுக்குள்ள அரை நாள் போயிடும். நம்பர் எல்லாம் உனக்குத் தனியா அனுப்பியிருக்கிறன், பெரிசா எழுதி ஃபிரிட்ஜில ஒட்டு, அம்மா கழட்டினாலும் திருப்பி ஒட்டு. அம்மாவின்ர கிளினிக் கொப்பியின்ர எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பு. மெற்போமின் இப்ப ரெண்டு நேரமோ மூண்டு நேரமோ எண்டும் எழுது, அம்மாட்ட கேக்காத, மருந்துப் பெட்டியைப் பாத்து எழுது.

அம்மா, தூள் கொஞ்சம் வறுத்து, ஏப்ரலில சித்தியின்ர மகன் லண்டனுக்கு வரேக்க குடுத்து விடுங்கோ. நல்லா ரெண்டு பொலித்தீனில கட்டி. மிளகாய் கொஞ்சம் குறைச்சு, சின்னவனும் சாப்பிடுறான்.

அன்புடன்,
உங்கட மூத்தவள்