குமரேசனுக்கு, டிரக் விஷயமாக

லேக்வுட், கொலராடோ
ஞாயிறு காலை

அன்புள்ள குமரேசா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனசு நிலைக்கு வந்தது. பிசியோதெரபியை மட்டும் பாதியில் நிறுத்த விடாதே. என் அம்மா "வலிக்குது, அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். பெரியவளுக்குப் போன வாரம் லைசென்ஸ் வந்துவிட்டது. அவள் தனியாகக் கடைக்குப் போய்த் திரும்பி வரும் வரை நான் வாசலிலேயே நின்றிருந்தேன். சின்னவனுக்கு வேண்டியதெல்லாம் உன் பையன்களோடு ஒரு வாரம் கூடாரத்தில் கிடப்பதுதான்.

சரி, உன் கடிதத்தின் முக்கால் பாகம் டிரக்தான். குடும்பத்தோடு உள்ளேயே தங்கிப் பயணம் போகிற டிரெய்லர் முடிவாகிவிட்டது, 28 அடி, காலியாக 6,200 பவுண்டு, நிரப்பினால் 7,600 வரை போகலாம். இனி இழுக்கிற வண்டி. "பெட்ரோலா டீசலா, மலையில் இழுக்கிறவன் நீ, நீயே சொல்" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே "டீசல்தானே?" என்றும் கேட்டிருக்கிறாய்.

அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். நாமக்கல்லில் பிறந்தவனுக்கு லோடு என்றாலே டீசல்தான். உங்கப்பா பட்டறையில் பாடி கட்டக் கொண்டுவந்து நிறுத்திய லாரிகளில் பெட்ரோல் வண்டி ஒன்றாவது பார்த்திருப்போமா? நமக்குப் பெட்ரோல் என்றால் ஸ்கூட்டர், அம்பாசிடர். இங்கே வந்து இத்தனை வருஷம் ஆன பிறகும், பெட்ரோல் வண்டி பாரம் இழுப்பதை மனசு ஒப்புக்கொள்ள மறுக்கிறது.

என் வாசலில் நிற்பதும் டீசல்தான். இருந்தாலும் சொல்கிறேன்: உனக்குப் பெட்ரோல் போதும். ஆனால் நீ பார்த்து வைத்திருக்கிற அரை டன் வண்டி வேண்டாம், முக்கால் டன் எடு (டன் என்பது இங்கே நிஜ எடை இல்லை, டிரக்கின் வகுப்புக்கு வைத்த பழைய பெயர்). டீசலுக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் ஒரு பங்கை அதில் போடு.

காரணத்தை விவரமாகச் சொல்கிறேன். விற்பனைக் கடையில் பேசுகிறவர்கள் எல்லோரும் இழுவை எண்ணைத்தான் சொல்வார்கள். 11,000 பவுண்டு இழுக்கும், 12,000 இழுக்கும் என்று. அது பொய் இல்லை. ஜே2807 என்று ஒரு பொது விதிமுறை இருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் டேம் ஏற்றம் என்ற சாலையை அளவுகோலாக வைத்து, ஏசி ஓடிக்கொண்டிருக்க, வேகம் 40 மைலுக்குக் கீழே போகாமல் வண்டி ஏற வேண்டும். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் டிரைவரும் பக்கத்தில் ஒருவரும்தான், ஆளுக்கு 150 பவுண்டு. உன் வண்டியில் நீங்கள் நாலு பேர், நாலு சைக்கிள், ஜெனரேட்டர், தங்கச்சி கட்டி எடுத்து வரும் சமையல் சாமான்.

அதனால் டிரைவர் கதவைத் திறந்து, நிலைப்பக்கம் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கரைப் பார். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அந்த ஒரு வண்டிக்கென்றே அச்சடித்த எண் அதில் இருக்கும். டிரெய்லரின் மூக்கு கொக்கியில் அமுக்குகிற எடையும் இந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். அது டிரெய்லர் எடையில் நூற்றுக்குப் பத்திலிருந்து பதினைந்து. உனக்குப் பதின்மூன்று என்று வை: 7,600க்கு ஏறக்குறைய 990 பவுண்டு. எடையைப் பகிர்கிற கொக்கி 100. நீங்கள் நாலு பேர் 550. பின்னால் போடும் சாமான் 300. மொத்தம் 1,940. நான் போய்ப் பார்த்த தோல் சீட், கண்ணாடிக் கூரை வைத்த அரை டன் வண்டிகளில் ஸ்டிக்கர் 1,400 அல்லது 1,500 என்றுதான் சொன்னது. எஞ்சின் இழுத்துவிடும். ஸ்பிரிங்கும் டயரும் அச்சும் அதற்குச் சம்மதிக்காது.

டீசல் இங்கேயே ஒரு அடி பின்னால் போகிறது. டீசல் எஞ்சினும் அதன் கூடவே வருகிற சாமான்களும் பெட்ரோலைவிடப் பல நூறு பவுண்டு கனம். முக்கால் டன் வண்டிகள் பலவற்றுக்கு வண்டி, ஆள், சாமான் எல்லாம் சேர்ந்த மொத்த எடை 10,000 பவுண்டுக்குள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். எஞ்சின் கனத்தால் போகிற எடை நேராக உன் ஸ்டிக்கரில் குறையும். ஒரே மாடலில் பெட்ரோலுக்கு 3,000க்கு மேல் இருந்த எண், டீசலில் 2,200 என்று நின்றதை நானே படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இழுவைச் சக்தியில் டீசலோடு பெட்ரோல் போட்டி போட முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 430 குதிரைத்திறன், 475 டார்க் (எஞ்சின் திருகுகிற விசை). 2020இல் வந்த அதே கம்பெனியின் 6.7 டீசல் 475 குதிரைத்திறன், ஆனால் டார்க் 1,050. இரண்டு மடங்குக்கு மேல். அந்த டார்க் நிமிஷத்துக்கு 1,600, 1,800 சுற்றிலேயே கைக்கு வந்துவிடும். ஏற்றத்தில் டீசல் சத்தமே இல்லாமல் போகும். பெட்ரோல் கியரை இறக்கி, 4,500 சுற்றில் கத்திக்கொண்டு போகும். முதல் தடவை கேட்கும்போது எஞ்சின் வெடித்துவிடுமோ என்று இருக்கும். அப்படி ஓடுவதற்காகவே கட்டின எஞ்சின் அது, பயப்படாதே.

உயரமும் ஒரு விஷயம். டர்போ, அதாவது காற்றை அழுத்தி உள்ளே தள்ளுகிற விசிறி, இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்கு மூன்று சதவீதம் சக்தியை விடும். எங்கள் பக்கத்து ஐ-70 நெடுஞ்சாலையில் ஐசனோவர் சுரங்கம் 11,158 அடி. அங்கே உன் 430 குதிரையில் முன்னூறுக்குக் கீழேதான் மிச்சம். டர்போ வைத்த டீசலுக்கு அந்த மெல்லிய காற்று பெரிதாக உறைக்காது. நான் டீசல் வாங்கியதற்கு இது ஒரு காரணம். ஆனால் நீ வாழ்வது கடல் மட்டத்தில். ஹூஸ்டனிலிருந்து டெக்சாஸுக்குள்ளேயே ஹில் கண்ட்ரி, குளிர்காலத்தில் பிக் பெண்ட், வருஷத்துக்கு ஒரு தடவை இங்கே. வழியில் ரேடன் கணவாய் 7,834 அடி, அதைத் தாண்டினால் எங்கள் வீடு. அந்த ஒரு ஏற்றத்தில் பத்து நிமிஷம் வலது ஓரமாக 45 மைலில் ஏறினால் உனக்கு என்ன நஷ்டம்?

ஏற்றத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்குக் கவலை இறக்கம்தான்.

இதை உனக்கு இதுவரை முழுசாகச் சொன்னதில்லை. முதல் டிரெய்லர் வாங்கின வருஷம், அரை டன் பெட்ரோல் வண்டியில் அதைக் கட்டிக்கொண்டு ஐசனோவர் சுரங்கத்தைத் தாண்டி மேற்கே இறங்கினேன். சுரங்கத்திலிருந்து சில்வர்தார்ன் வரை எட்டு மைல் போல, இரண்டாயிரம் அடிக்கு மேல் இறக்கம். நான் டிரான்ஸ்மிஷனை அதன் போக்கில் விட்டுவிட்டுப் பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தேன். பாதியில் கருகிய வாடை. சின்னவன் "அப்பா, என்னமோ தீயுது" என்றான். அப்புறம் பெடல் மெத்தையில் மிதிப்பது போல உள்ளே போக ஆரம்பித்தது. வலது பக்கம் சரளைக் கல் கொட்டி மேலே ஏற்றி வைத்திருக்கிற ரன்அவே ராம்ப் கண்ணில் பட்டது. பிரேக் போன லாரி ஏறி நிற்பதற்கான பாதை அது. அதில் ஏற்றிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். கியரை ஒவ்வொன்றாகக் கையால் இறக்கி, எப்படியோ சில்வர்தார்ன் எக்ஸிட்டில் வந்து நின்றேன். முன் சக்கரம் இரண்டிலும் புகை. ஒரு மணி நேரம் யாரும் பேசவில்லை.

அன்று ராத்திரி அப்பாவிடம் போனில் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: "எந்த கியர்ல எறங்குன?" என்னிடம் பதில் இல்லை.

தொப்பூர் கணவாய் உனக்கு ஞாபகம் இருக்கும். லீவு நாட்களில் அப்பா என்னை லாரியில் ஏற்றிக்கொண்டு போவார். தர்மபுரி பக்கமிருந்து சேலத்துக்கு இறங்கும் முன்னால் மேலேயே ஓரம் கட்டி, டீ குடித்து, கிளீனர் ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுப்பார். "ஏறுற கியர்லதான் எறங்கணும்." டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விட்டு இறங்கிய வண்டிகள் அங்கே எத்தனை கவிழ்ந்தன என்று நாமே பார்த்திருக்கிறோம். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்து வளர்ந்தவன், ஆட்டோமேட்டிக் வண்டி என்றதும் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

என் நண்பர்கள் அப்போது சொன்னது, டீசல் வாங்கு, எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது என்று. உண்மைதான், அருமையான விஷயம். டர்போவின் இதழ்கள் மூடிக்கொண்டு புகையை வெளியே விடாமல் தடுக்கும், அந்த அழுத்தமே எஞ்சினைப் பிடித்து நிறுத்தும். இப்போது அதே இறக்கத்தில் பிரேக்கை நாலைந்து தடவைதான் தொடுகிறேன். ஆனால் டீசலுக்கு இந்தத் தனி ஏற்பாடு தேவைப்படுவதே, பெட்ரோலில் இருக்கிற திராட்டில் மூடி அதில் இல்லாததால்தான். பெட்ரோல் வண்டியில் காலை எடுத்தால் மூடி அடைத்துக்கொள்ளும். பிஸ்டன்கள் அடைத்த வாயிலிருந்து காற்றை உறிஞ்சத் திணறும், அந்தத் திணறல்தான் பிரேக். டோ-ஹால் என்ற, பாரம் இழுக்கும்போது கியரை அதற்கேற்ப வைக்கிற பொத்தானை அழுத்தி, உச்சியிலேயே வேகத்தைக் குறைத்து, மூன்றாவது கியரில் விட்டால் உன் எடைக்கு அது தாராளமாகப் பிடிக்கும். என் தவறு பெட்ரோல் வண்டி ஓட்டியதில் இல்லை, உச்சியில் கியரை இறக்காததில்.

பணக் கணக்குக்கு வருகிறேன். டீசல் எஞ்சினுக்குக் கூடுதலாக 10,000 டாலர் என்று நீயே எழுதியிருக்கிறாய். உன் ஓட்டம் வருஷத்துக்கு 9,000 மைல், அதில் டிரெய்லரோடு 3,000. பெட்ரோல் இழுக்கும்போது காலனுக்கு 9 மைல், காலியாக 14. டீசல் 12, 18. நீ சொன்ன பங்க் விலை பெட்ரோல் 2.80, டீசல் 3.40. போட்டுப் பார்த்தேன்: பெட்ரோலுக்கு வருஷம் 2,133 டாலர், டீசலுக்கு 1,983. மிச்சம் 150 டாலர். டீசலுக்கு ஆயில் மாற்ற 12, 13 குவார்ட் வேண்டும், எரிபொருள் ஃபில்டர் தனி, புகையைச் சுத்தம் செய்கிற டெஃப் திரவம் தனி. 150 அதிலேயே கரைந்துவிடும். விற்கும்போது டீசலுக்குக் கொஞ்சம் அதிகம் கிடைக்கும்தான், ஆனால் அதுவரை பத்தாயிரம் வண்டிக்குள் முடங்கிக் கிடக்கும்.

அப்புறம் அந்த டெஃப். ஊரில் பிஎஸ்-6 லாரிகளில் ஊற்றுகிறார்களே ஆட்புளூ, அதுதான். தண்ணீரில் 32.5 சதவீத யூரியா, மைனஸ் 11 டிகிரியில் உறைந்துவிடும். டாங்கில் ஹீட்டர் உண்டு. இரண்டு வருஷம் முன்பு ஜனவரியில் கன்னிசன் பக்கம் போயிருந்தபோது, அந்த அமைப்பின் சென்சார் ஒன்று போய்விட்டது. இன்னும் இத்தனை மைலுக்குப் பிறகு வேகம் குறைக்கப்படும் என்று டாஷ்போர்டில் எண் இறங்கிக்கொண்டே வந்தது. வெளியே பனி, பின் சீட்டில் பிள்ளைகள் தூக்கம். எஞ்சினில் ஒரு கோளாறும் இல்லை. வீடு வந்து சேர்ந்தோம், ஆனால் அந்தச் சென்சாருக்காக வண்டி பட்டறையில் மூன்று வாரம் நின்றது.

உனக்கு இன்னொன்றும் இருக்கிறது. டிரெய்லர் இல்லாத நாட்களில் இதே வண்டியில்தான் ஆபீஸ், ஆறு மைல். டீசல் புகைக்கரியைப் பிடிக்கிற ஃபில்டர், சூடேறினால்தான் கரியை எரித்துச் சுத்தமாகும். ஆறு மைலில் அது சூடேறாது. அடைத்துக்கொண்டால் செலவு ஆயிரங்களில். தினம் நீண்ட தூரம் பாரம் இழுக்கிறவனுக்கு டீசல் ஒரு தொந்தரவும் தராது. சும்மா நிறுத்தி வைக்கிறவனுக்கும் கடைக்குப் போய் வருகிறவனுக்கும்தான் அது நோய்வாய்ப்படும்.

நான் ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்பாய். இப்போது இழுப்பது 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் (டிரக்கின் பின்தட்டுக்கு உள்ளேயே மாட்டுகிற பெரிய டிரெய்லர்), கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கணவாய் தாண்டுகிறேன். நீயும் நாளைக்கு அந்த அளவுக்குப் போனாலோ, ஓய்வுக்குப் பிறகு வருஷம் முழுக்க ரோட்டில் இருக்கலாம் என்று முடிவு செய்தாலோ, நானே கூட வந்து உனக்கு டீசல் பார்த்துத் தருகிறேன்.

இப்போது செய்ய வேண்டியது: வாங்கும் முன் மஞ்சள் ஸ்டிக்கரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு, விலை பேசுவதெல்லாம் அப்புறம். பின் அச்சு ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, எஞ்சினிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்ற எண்) 3.73 அல்லது அதற்கு மேல் இருப்பதாகக் கேட்டு எடு, பெட்ரோலுக்கு அது உதவும். டிரெய்லரைக் கட்டி, எல்லா சாமானும் ஏற்றி, லாரிகள் நிற்கிற டிரக் ஸ்டாப்பில் CAT என்ற கம்பெனியின் எடைமேடையில் ஒரு தடவை ஏறி இறங்கு. நான் எழுதியதெல்லாம் கணக்கு, அந்தச் சீட்டில் வருவதுதான் நிஜம்.

ஜூனில் வருவதாக இருந்தால் சீக்கிரம் சொல், இங்கே முகாம் இடங்கள் ஆறு மாதம் முன்னாலேயே போய்விடுகின்றன. முதல் தடவை சில்வர்தார்ன் இறக்கத்தில் நான் உன் பக்கத்து சீட்டில் உட்கார்கிறேன். அப்பாவும் அப்போது இங்கேதான் இருப்பார், பின் சீட்டில் அவருக்கு இடம் வை. நீ எந்த கியரில் இறங்குகிறாய் என்று அவர் பார்க்க வேண்டுமாம்.

அன்புடன்,
செல்வராசு