சிம்கோ ஏரியில் பேர்ச் பிடிக்கும் உறவுகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள உறவுகளே,

ஏரி உறைந்துவிட்டது என்ற செய்தி காதில் விழுந்ததும், பனிப்படலத்தில் துளையிட்டு மீன் பிடிக்க, ரொறன்ரோவிலிருந்தும் அதைச் சூழ்ந்த நகரங்களிலிருந்தும் வடக்கேயுள்ள சிம்கோ ஏரிக்குப் புறப்பட்டுவிடுகிற உங்களில் நானும் ஒருவன். காற்று பலமாக வீசும் நாட்களில், ஆழத்திலிருந்து நாம் தூக்குகிற சிறிய பேர்ச் மீன்களுக்கு என்ன நேர்கிறது என்பது பற்றி மட்டும் உங்களோடு பேச விரும்புகிறேன்.

சென்ற மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை வெப்பநிலை -10 பாகையாக இருந்தது. மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வீசிய காற்றில் உடம்புக்கு அது -21 பாகையாக உறைத்தது. அப்படியான நாளில் கூடாரத்தை விட்டு வெளியே வந்து, இடம் மாற்றித் துளையிட்டு மீன் தேட எவருக்கும் மனம் வராது. நானும் 20 மீற்றர் ஆழத்தின் மேல் போட்ட ஒரே துளையில் நாள் முழுவதும் இருந்து, பெரியவற்றை வாளியில் போட்டு, விரல் நீளமே இருந்தவற்றைக் கூடாரத் திரையின் இடுக்கால் வெளியே தள்ளிக்கொண்டிருந்தேன். மாலையில் கூடாரத்தைச் சுருட்டியபோது, காற்று குவித்த பனித்தூளுக்குள் பதினேழு மீன்கள் விறைத்துக் கிடந்தன. செவுள் மூடிகள் விரிந்திருந்தன. வாய்க்கு வெளியே இளஞ்சிவப்பு நிறத்தில் இரைப்பை பிதுங்கியிருந்தது. கண்களின் மேல் வெள்ளை படர்ந்திருந்தது. கடைசியாகப் பிடித்த இரண்டில் இன்னும் அசைவு இருந்ததால் துளைக்குள் விட்டேன். அவை வயிறு மேலாக மிதந்தனவே தவிர, கீழே போகவில்லை.

அவை ஏன் போகவில்லை என்பதைப் பிறகுதான் படித்து அறிந்தேன். நீரில் மிதப்பைச் சரிசெய்ய உதவும் பேர்ச்சின் காற்றுப் பைக்கும் தொண்டைக்கும் இடையே திறந்த வழி கிடையாது. ஆகவே மேலே வரும்போது விரிகிற வாயுவை அதனால் வாய்வழியாக வெளியேற்ற முடியாது. 20 மீற்றரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது அழுத்தம் மூன்றில் ஒரு பங்காகக் குறைவதால், பைக்குள் இருக்கும் வாயு மூன்று மடங்காக விரியப் பார்க்கிறது. பிதுங்கிய இரைப்பைக்குக் காரணம் அதுவே. அந்த ஆழத்தில் பிடித்துவிட்டு 'சின்னன், விட்டுவிட்டேன்' என்று சொல்வதில் பெரும்பாலும் பொருளில்லை.

சட்டமும் இங்கே தெளிவாக இருக்கிறது. சிம்கோவில் விளையாட்டு மீன்பிடி உரிமம் உள்ளவர் நாளொன்றுக்கு 50 பேர்ச்சும், குறைந்த அளவே பிடிக்க அனுமதிக்கும் பாதுகாப்பு (Conservation) உரிமம் உள்ளவர் 25 பேர்ச்சும் வைத்துக்கொள்ளலாம். பிடித்தவுடன் நீரில் விடாத மீன் எதுவானாலும் இந்தக் கணக்கில் சேரும். உண்ணத் தகுந்த மீனைக் கெட்டுப்போக விடுவதும் ஒன்ராறியோவில் குற்றம். வாளியில் 50 இருக்க, பனியில் பதினேழு கிடந்தால் அன்று நாம் பிடித்தது 67.

பெரியதை மட்டும் பொறுக்கி எடுக்கும் பழக்கத்தில் இன்னொரு கேடும் உண்டு. பேர்ச்சில் பெண் மீன்களே பெரிதாக வளர்கின்றன. மாசி, பங்குனியில் மீனை வெட்டும்போது கைக்கு வருகிற அந்த மஞ்சள் சினை, இளவேனிலில் கரையோரச் செடிகளில் பசை போன்ற நீண்ட முட்டை நாடாவாகப் படிய வேண்டியது. சினைப் பொரியலின் ருசி எனக்கும் தெரியும். ஆனாலும் ஒரு வீட்டுக்கு ஒரு நாளில் ஐம்பது பெரிய மீன்கள் எதற்கு?

ஆகவே உங்களிடம், சிறப்பாகப் புதியவர்களை அழைத்து வருகிற அண்ணன்மாரிடமும் ஊர்ச் சங்கத்தாரிடமும், நான் கேட்பது இதுதான். காற்று நாளில் 10 மீற்றருக்குக் குறைந்த ஆழத்தில், முடிந்தால் ஏரியின் தென்முனையிலுள்ள குக்ஸ் குடாவின் செடிப் படுகைகளின் விளிம்பில் துளையிடுங்கள். அங்கே சிறியவை வந்தால், உலர்ந்த கையுறையால் பிடிக்காமல் நனைத்த கையால் தூண்டிலைக் கழற்றி, காற்றுப் படாமல் அந்தக் கணமே நீருக்குள் விடுங்கள். ஆழத்தில்தான் இருப்பீர்களானால், வருகிறதை வரிசையாக எடுத்துக்கொண்டு, சமையலுக்குப் போதுமானதும் எழுந்துவிடுங்கள். இதே காற்று பனிப்படலத்தைக் கரையிலிருந்து பிரித்து ஆட்களோடு நகர்த்திச் செல்லக்கூடியது என்பதால், திரும்பும் வழியிலுள்ள வெடிப்புகளையும் இடையிடையே வெளியே வந்து பாருங்கள்.

வரும் தை மாதத்தில் ஏரி தாங்கும் அளவுக்கு உறைந்ததும், நான் ஆறு மீற்றர் ஆழத்தில்தான் துளையிடப்போகிறேன். துளையிடும் கருவி இல்லாதவர்கள் என் துளைகளுக்குப் பக்கத்தில் வந்து உட்காரலாம்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்களில் ஒருவன்