கண்டியில் கிடந்த காய்ச்சல்காரர்கள்

கண்டி
ஜூன் 28

அன்புள்ள ராசு,

உன் கடிதம் போன கிழமை வந்து சேர்ந்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்து, இப்போது மாடிப்படி ஏறுகிறாள் என்று எழுதியிருந்தாய். வீட்டுக்காரிக்கு வாசித்துக் காட்டினேன், அவளுக்கும் பெரிய நிம்மதி. இங்கே எல்லாரும் சுகம். பேரன் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். மழைதான் விடுவதாக இல்லை. மூன்று நாளாகத் துணி காயவில்லை.

வேலூருக்குப் போய் இத்தனை வருஷம் கழித்து, இப்போதுதான் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்குப் போனேன் என்று எழுதியிருந்தாய். கண்டியின் கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சமாதிக்கு முன்னால் நின்றபோது தொண்டையை அடைத்தது என்று படித்தபோது எனக்கும் அப்படித்தான் இருந்தது. தலைமன்னாரில் நீ கப்பலேறிய அன்று நானும் பக்கத்தில் நின்றவன் அல்லவா. ஊரை விட்டு அனுப்பப்பட்டவனின் வலி உனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? கடைசியில் ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய்: "ஆஸ்பத்திரியில் படுத்துக்கிடந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களை இந்த ராசாவின் ஆட்கள் கொன்றார்கள் என்கிறார்களே, உண்மையா?"

உண்மைதான் ராசு. ஆனால் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

முந்தாநாள் பேரனை டியூஷனில் விட்டுவிட்டு வட்டபுலுவப் பக்கம் நடந்தேன். அங்கே டேவி என்ற வெள்ளைக்கார மேஜரின் பெயரால் சொல்லப்படும் டேவி மரம் நின்ற இடத்தில் ஒரு சிறு கல்தூண் இருக்கிறது. சின்ன வயதில் நாம் இருவரும் அந்த வழியாக ஆற்றுக்குக் குளிக்கப் போயிருக்கிறோம், ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. இந்த முறை குடையைப் பிடித்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றேன். தேதி ஜூன் 26. 1803இல் இதே தேதியில்தான் அந்த இடத்தில் அந்தச் சிப்பாய்களின் கூட்டாளிகளை வெட்டினார்கள். கீழே மகாவலி கலங்கி, மரக்கிளைகளை இழுத்துக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது. தென்மேற்குப் பருவமழைக் காலத்து மகாவலியைக் கடப்பது எப்படிப்பட்ட காரியம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

கதையைக் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். யார்க்ஷயரைச் சேர்ந்த 19ஆம் ரெஜிமென்ட் 1796இல் இலங்கைக்கு வந்தது. ஒல்லாந்தரிடமிருந்து கரையோரத்தைப் பிடித்த காலம் அது. அவர்கள் இங்கிருந்து போனது 1820இல். 24 வருஷம், ராசு! நாட்டைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிய பதினெட்டு வயதுப் பையன், உயிரோடிருந்தால், நாற்பது தாண்டித்தான் வீடு திரும்பியிருப்பான். பெரும்பாலானவர்கள் திரும்பவே இல்லை.

1802இல் புத்தளம் பக்கத்து வியாபாரிகளின் பாக்கைக் கண்டியார் பறித்துக்கொண்டார்கள் என்று ஒரு வழக்கு எழுந்தது. ஆளுநர் பிரெடரிக் நார்த் அதைச் சாக்காக வைத்துப் படையெடுத்தார். 1803 ஜனவரி கடைசியில் ஜெனரல் மக்டவல் கொழும்பிலிருந்தும், சில நாள் கழித்துக் கர்னல் பார்பட் திருகோணமலையிலிருந்தும் கிளம்பினார்கள். பெப்ரவரியில் கண்டிக்குள் நுழைந்தபோது ஊரில் ஆளே இல்லை. ராசா ஹங்குராங்கெத்தப் பக்கம் போய்விட்டார். வெறும் ஊரைப் பிடித்து, முத்துசாமி என்ற நாயக்கர் வம்சத்தவரைச் சிம்மாசனத்தில் ஏற்றி, வென்றுவிட்டதாக நினைத்துக்கொண்டார்கள். ஏப்ரலில் மக்டவல் படையின் பெரும்பகுதியோடு கொழும்பு திரும்பினார். கண்டியைக் காக்க விட்டுப்போனது 19ஆம் ரெஜிமென்டில் சுமார் 300 பேரையும், மலாய்ப் படையையும், பீரங்கி இழுக்கும் லஸ்கர்களையும்.

அதற்குள் காய்ச்சல் தொடங்கிவிட்டது.

காட்டுக் காய்ச்சல் என்றுதான் அவர்கள் அதைச் சொன்னார்கள். அழுகிய இலையிலிருந்தும் சதுப்பிலிருந்தும் எழும் கெட்ட காற்றால் வருகிறது என்பது அன்றைய வைத்தியர்களின் நம்பிக்கை. மலேரியா ஒழிப்பு வேலையில் காலம் கழித்த என் கண்ணுக்கு அது மலேரியாதான். பெப்ரவரி, மார்ச்சில் மழை குறைந்து மகாவலி மெலிந்துவிடும். பாறைகளுக்கு நடுவில் அங்கங்கே குட்டை தேங்கும். தெளிந்த தண்ணீர், மேலே வெயில். நம் நாட்டு மலேரியா நுளம்புக்கு அதைவிட நல்ல தொட்டில் கிடையாது. 1934இல் மழை பொய்த்து ஆறுகள் குட்டையானபோதுதான் குருநாகல், கேகாலைப் பக்கம் அந்தப் பெரிய கொள்ளைநோய் வந்து 80,000 பேரைக் கொண்டுபோனது. குட்டையில் அகப்பையை விட்டு மொண்டு, தண்ணீர் மட்டத்தோடு மட்டமாகக் கிடக்கும் புழுவை எண்ணுவதில்தான் என் பாதி ஆயுள் போனது. அந்த 300 பேரில் ஒருவன்கூட நுளம்பைச் சந்தேகித்திருக்க மாட்டான். மாலையில் காற்று வாங்க ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பான்.

கிடைத்த வைத்தியமும் அந்தக் காலத்து வைத்தியம். இரத்தம் வடித்தார்கள், பாதரச மருந்து கொடுத்தார்கள். சின்கோனாப் பட்டைத் தூள் இருந்தது. ஆனால் அதிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்ததே 1820இல்தான். ஏற்கெனவே குளிர்சுரத்தில் இரத்தம் வெளிறிப் போனவனிடம் கத்தியை வைத்து இன்னும் இரத்தம் எடுப்பதை நினைத்தால் எனக்குப் பொறுக்கவில்லை. அதோடு தினசரிப் பங்காகச் சாராயம் வேறு.

எனக்கு வந்த காய்ச்சலை உனக்கு எழுதியிருக்கிறேனா என்று நினைவில்லை. எழுபதுகளின் கடைசி. ஹிங்குராக்கொடப் பக்கம் மலத்தியான் என்ற நுளம்பு மருந்து அடிக்கும் குழுவோடு போட்டிருந்தார்கள். ஒரு மத்தியானம் பல் கிட்டியது. இரண்டு போர்வை போர்த்தியும் கட்டில் ஆடியது. குளிர் விட்டதும் நெருப்பு, நெருப்பு விட்டதும் வியர்வை. பாய் நனைந்து தண்ணீர் சொட்டியது. மற்றவர்கள் அடுத்த கிராமத்துக்குப் போய்விட்டார்கள். இரண்டு நாள் நான் தனியே. பக்கத்து வீட்டுச் சிங்கள ஆச்சி ஒருத்தி கொத்தமல்லி அவித்த தண்ணீரைக் கொண்டுவந்து, தலையைத் தூக்கிப் பிடித்து ஊட்டிவிட்டாள். மூன்றாம் நாள் ஒரு டிராக்டர் பெட்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதும் அவள்தான். என் விரலைக் குத்தி எடுத்த இரத்தத்தை நானே பிறகு நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். சிவப்பணுவுக்குள் மோதிரம் மாதிரி, ஒரு பக்கம் சின்னக் கல் பதித்தது போல. எத்தனையோ பேருடைய இரத்தத்தில் பார்த்த மோதிரம் என் இரத்தத்திலும். அந்தக் கட்டிலில் கிடந்த இரண்டு நாளில் யாராவது வாளோடு வந்திருந்தால் நான் கையைக்கூடத் தூக்கியிருக்க மாட்டேன்.

அதனால்தான் 1803 ஜூன் மாதத்தைப் படிக்கும்போது எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. பார்பட் காய்ச்சலில் விழுந்து இறந்துவிட்டார். மேயில் திரும்பி வந்த மக்டவலும் நோயாளியாகிக் கொழும்புக்கே போய்விட்டார். பொறுப்பு மலாய்ப் படையின் மேஜர் ஆடம் டேவி தலையில் விழுந்தது. சுமைதூக்கிகள் ஓடிப்போனார்கள். டோலி தூக்க ஆளில்லை, அரிசி வரவில்லை. நோயாளிகளைக் கீழே இறக்க வேண்டுமென்றால் ஒரு டோலிக்கு நாலு ஆளாவது வேண்டாமா? ஜூன் 24 விடியுமுன் கண்டியார் தாக்கியபோது, எழுந்து நிற்கக்கூடிய ஐரோப்பியச் சிப்பாய்கள் இருபது பேர் அளவில்தான் இருந்தார்கள். படுக்கையில் கிடந்தவர்கள் நூறுக்கு மேல்.

டேவி அன்றைக்கே சரணடைந்தார். ஆயுதத்தோடு திருகோணமலைக்குப் போகலாம், நோயாளிகளை இங்கே பார்த்துக்கொள்வார்கள் என்பது பேச்சு. நடக்க முடிந்தவர்கள் கிளம்பி வட்டபுலுவ வந்தார்கள். ஆறு கரைபுரண்டு ஓடியது, படகில்லை. தெப்பம் கட்டிப் பார்த்தார்கள், முடியவில்லை. மறுநாள் முத்துசாமியைக் கொடு என்று ராசாவின் ஆட்கள் வந்தார்கள். டேவி முதலில் மறுத்து, பிறகு கொடுத்தார். முத்துசாமியைக் கொன்றார்கள். 26ஆம் தேதி ஆயுதங்களையும் வாங்கிக்கொண்டு, வெள்ளைக்காரர்களை இரண்டிரண்டு பேராக அழைத்துப்போய் வெட்டினார்கள். ஊருக்குள் படுக்கையில் கிடந்த காய்ச்சல்காரர்களையும் விடவில்லை.

நூரதீன் என்ற மலாய் அதிகாரியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ராசா பக்கம் சேர்ந்தால் உயிரும் பதவியும் உண்டு என்று சொல்லியும், ஒரு முறை கொடுத்த வாக்கை மாற்ற மாட்டேன் என்று மறுத்துச் செத்தார். டேவிக்கு நினைவுத்தூண் இருக்கிற மாதிரி அவருக்கும் ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

பிழைத்தவர்கள் சிலர். பார்ன்ஸ்லி என்ற கார்ப்பரல் கழுத்தில் வெட்டுப்பட்டுப் பிணம் போலக் கிடந்து, இருட்டியதும் அந்த வெள்ளத்தில் நீந்தி, மாத்தளைப் பக்கம் மக்டவல் கோட்டை வரை போய்ச் சேர்ந்தான். அங்கே பொறுப்பிலிருந்த கேப்டன் மேட்ஜும் 19ஆம் ரெஜிமென்ட்காரர்தான். செய்தி கேட்டதும் அவர் இரவோடிரவாகத் திருகோணமலைக்குக் கிளம்பினார். அவரும் தன் நோயாளிகளைப் படுக்கையிலேயே விட்டுவிட்டுத்தான் போனார். கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களில் தோயென் என்ற பீரங்கிப் படை சார்ஜன்ட் ஒருவர் மட்டும் பிணக் குவியலுக்குள்ளிருந்து பிழைத்தார். பிறகு ராசாவே அவரை உயிரோடு விட்டுவைத்தார். 1815இல் ஆங்கிலேயர் மறுபடி கண்டிக்குள் வந்தபோது அவர் உயிரோடு இருந்தார். டேவிதான் பாவம். ஒன்பது வருஷம் போல இங்கே கைதியாகவே இருந்து, கொழும்புக்குக் களவாகக் கடிதம் எழுதி அனுப்பிக்கொண்டே, இங்கேயே செத்துப்போனார்.

நீ கேட்டதற்கு என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். படுத்துக்கிடந்தவனைக் கொன்றது பாவம்தான், அதை நான் மூடிமறைக்கப் போவதில்லை. உன் வேலூர்க் கோட்டையிலும் 1806 ஜூலையில் சிப்பாய்கள் எழுந்தபோது, 69ஆம் ரெஜிமென்டின் நோயாளிகளைக் கட்டிலிலேயே சுட்டார்கள் அல்லவா. அதேபோலத்தான் இதுவும். ஆனால் கண்டியார் யாரும் யார்க்ஷயருக்குப் போகவில்லை. அழைக்காமல் வந்து, ஊரைப் பிடித்து, வேறொருவனை ராசாவாக்கியவர்கள் வெள்ளைக்காரர்கள். எனக்கு ஆறாத கோபம் இன்னொரு இடத்தில். ஏப்ரலிலேயே காய்ச்சல் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று கொழும்பில் எல்லாருக்கும் தெரியும். திரும்பிப் போன 51ஆம் ரெஜிமென்ட்காரர்களும் அங்கே கொத்துக்கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்தும் அந்த 300 பேரை இரண்டு மாதம் இங்கே போட்டுவைத்தார்களே! தூக்கிக்கொண்டு போக ஆள் ஏற்பாடு செய்யாமல் நோயாளியை மலைக்குள் வைத்தவன், முதல் வெடி வெடிக்குமுன்பே அவனைக் கைவிட்டவன்தான்.

இதையெல்லாம் பிறகு கணக்காக எழுதிவைத்தவர் ஒருவர் இருக்கிறார். ஹென்றி மார்ஷல் என்ற இராணுவ வைத்தியர், 1808 முதல் 1821 வரை இலங்கையில் இருந்தவர். அவரும் டுல்லோக் என்ற அதிகாரியும் சேர்ந்து, பிரிட்டிஷ் படைகள் எங்கெங்கே எதனால் சாகின்றன என்று கணக்கெடுத்தார்கள். 1838 முதல் அந்த அறிக்கைகள் வெளிவந்தன. 1817க்கும் 1836க்கும் இடையில் இலங்கையில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வருஷத்துக்கு 1,000 பேருக்கு ஏறத்தாழ 70 பேர் செத்திருக்கிறார்கள். தங்கள் நாட்டு முகாமிலேயே இருந்திருந்தால் 15 பேர். சியரா லியோனில் 483! மார்ஷல் மேல் எனக்குத் தனி மரியாதை. கெட்ட காற்றைத்தான் அவரும் நம்பியிருப்பார், ஆனால் செத்தவனை எண்ணாமல் விடவில்லை. நாங்கள் வீடு வீடாக இரத்தப்படம் எடுத்ததும் அதே வேலைதானே.

நுவரெலியா அவர்களுக்குச் சுகம்பெறும் இடமானதும் அப்படித்தான். ஆளுநர் பார்ன்ஸ் 1829 அளவில் அங்கே நோயாளிச் சிப்பாய்களுக்கு ஒரு தங்குமிடம் அமைத்தார். ஹக்கலவில் சின்கோனாக் கன்று வந்தது 1861இல்தான். உன் அம்மா லயத்தில் நமக்குக் காய்ச்சல் என்றால் வெல்லத்தில் பொதிந்து கொடுக்கும் கொயினா மாத்திரை, நினைவிருக்கிறதா? நீ துப்பிவிடுவாய்.

நேற்று, மனசு கேட்காமல், தலதா மாளிகைக்குப் பின்னால் உள்ள காவற்படைக் கல்லறைத் தோட்டத்துக்கும் போய்வந்தேன். 1803இல் செத்தவர்கள் யாரும் அங்கே இல்லை, அது பிந்திய காலத்துக்குரியது. 1824இல் காய்ச்சலில் இறந்த ஜான் டோய்லி அங்கேதான் இருக்கிறார். உன் ராசாவைப் பிடிக்க வழி செய்தவர் அவர். அவர் இங்கே, ராசா அங்கே. கல்லில் வயதுகளைப் படித்துக்கொண்டே போனால் குழந்தைகள், இருபதுகளில் இருந்தவர்கள். புல்லை ஒழுங்காக வெட்டி வைத்திருக்கிறார்கள்.

2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்த அன்று உனக்கு டெலிபோன் எடுத்தேனே, பேச முடியாமல் அழுதேன் என்று நீ பிறகு கேலி செய்தாயே. அழுதது நிஜம்தான். ஹிங்குராக்கொட ஆச்சி அதைக் கேட்க இருந்திருக்கலாம்.

சரி, கை வலிக்கிறது. டிசம்பரில் வருகிறாயா இல்லையா என்று இந்த முறையாவது தெளிவாக எழுது. வந்தால் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, வட்டபுலுவப் பக்கம் மேடு பள்ளம் அதிகமில்லை, மெதுவாக நடக்கலாம். முத்து மண்டபத்துக்கு மறுபடி போனால் எனக்காக ஒரு பூ வைத்துவிடு. இங்கே தூணுக்கு நான் வைக்கிறேன்.

உன்,
மணி